இரண்டாவது ஆள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கேள்வி என்னவோ சிறியதுதான். ஆனால் அது நான்கு இரவுகள் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

கடந்த டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. நம் கல்லூரிக் கூடைப்பந்துத் திடலை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். வேப்பமரத்துக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவே, ஒரு வளையத்தில் வலை இருந்தும் மறு வளையத்தில் வலை இல்லாமலும் நிற்கிறதே, அதேதான். பயிற்சி முடிந்து பந்துகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். உடற்கல்வி இயக்குநர் ஐயா என்னை அழைத்தார்.

"சனிக்கிழமைக்குள்ள பேர் குடுக்கணும்ப்பா. பதினோரு பேர் முடிவாயிருச்சு. பன்னிரண்டாவது ஆளு, கேப்டனுக்கு மாத்தா இறங்குற பாயிண்ட் கார்டு. நீயா, அந்த முதல் வருஷப் பையனான்னு பார்க்கணும். நோட்டு உன்கிட்டதானே இருக்கு? பார்த்து நீயே எழுதிக் குடு."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சாக்கைப் பிடித்தபடி நின்றேன்.

நோட்டு என்றது ஒரு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. பயிற்சி ஆட்டங்களில் யார் எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார், எத்தனை புள்ளி எடுத்தார் என்று எழுதிவருவது என் வேலை. யாரும் என்னிடம் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. ஆட்டத்தில் பெரும்பகுதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் கை எத்தனை நேரம்தான் சும்மா இருக்கும்? நானாக எழுதத் தொடங்கினேன். இப்போது அந்த நோட்டே என்னைக் கேள்வி கேட்கிறது!

கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்குப் போனால் சான்றிதழ் கிடைக்கும். அது நாளைக்கு ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவும் என்பது என் தந்தையின் நம்பிக்கை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒரு துண்டுக் காகிதத்துக்கு எங்கள் வீட்டில் என்ன மதிப்பு என்பதை, என்னைப் போன்று முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆட்டம் தெரியாத நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு போய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிப்பவர்தான் பாயிண்ட் கார்டு. 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த இரண்டு கடிகாரங்களும் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் பேருந்துக்கு ஓட்டுநர் எப்படியோ, ஆடும் அணிக்கு அவர் அப்படி.

ஓட்டுநரும் மனிதர்தானே? அவருக்குக் களைப்பு வரும், காயம் வரும். நடுவரின் விசில் வேறு அடிக்கடி அவர் பெயரைச் சொல்லும். அந்த நேரத்தில் இறங்குகிறவர்தான் இரண்டாவது ஆள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஏறி உட்கார்ந்து சக்கரத்தைப் பிடிக்க வேண்டியவர். அவர் நன்றாக ஓட்டினால் பயணிகளுக்கு ஓட்டுநர் மாறியதே தெரியாது. மோசமாக ஓட்டினால் ஊருக்கே தெரியும்!

இந்த இரண்டாவது ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வழி தெரியாதபோது வழி போனவர்களைக் கேட்பதுதானே முறை. எனக்குத் தெரிந்து இந்தக் கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடிய அணி ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் ஓக்லஹோமா சிட்டி தண்டர். 'தண்டர்' என்றால் இடி. இரவில் கைப்பேசியில் அவர்களுடைய பழைய ஆட்டங்களைப் பார்ப்பது என் வழக்கம். அந்த அணியின் கதையைத்தான் அந்த நான்கு இரவுகளும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன்.

2008இல் சியாட்டில் நகரிலிருந்து இடம்பெயர்ந்து ஓக்லஹோமாவுக்கு வந்த அணி அது. வந்த ஆண்டில் 82 ஆட்டங்களில் 23 வெற்றி, 59 தோல்வி. ஆனால் அணியில் இருந்தவர்கள் எல்லாம் இளங்காளைகள். கெவின் டுராண்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன், செர்ஜ் இபாகா ஆகிய நால்வரும் 1988லும் 1989லும் பிறந்தவர்கள். அடுத்த ஆண்டே 50 வெற்றி. நான்காம் ஆண்டான 2012இல், நால்வரில் மூத்தவருக்கு 23 வயது நடக்கும்போதே, என்.பி.ஏ. இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள்.

அந்த அணியின் பாயிண்ட் கார்டு வெஸ்ட்புரூக். மின்னல் போல் பாய்வார். பாய்ச்சலில்தான் அவர் பலம். அவசரமும் அதே பாய்ச்சலில்தான். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். அவர் முப்பத்தைந்து நிமிடம் ஆடினால் மீதிப் பதின்மூன்று நிமிடத்துக்கு யார்? அணியின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி 2009 டிசம்பரில் அதற்கு ஒரு விடை கண்டார்.

யூட்டா ஜாஸ் அணியில் எரிக் மேனர் என்று ஒரு புதிய ஆட்டக்காரர் இருந்தார். அவ்வாண்டுத் தேர்வில் 20ஆவதாக எடுக்கப்பட்டவர். அங்கே டெரான் வில்லியம்ஸ் என்ற பெரிய பாயிண்ட் கார்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். யூட்டா அணிக்கோ சம்பளச் சுமை. வரம்பை மீறிய சம்பளத்துக்கு என்.பி.ஏ.வில் தனி வரி உண்டு. காயத்தால் ஆட முடியாமல் இருந்த ஒரு மூத்த வீரரின் சம்பள ஒப்பந்தத்தைத் தண்டர் ஏற்றுக்கொண்டது. அதோடு மேனரும் வந்தார். பெரிய ஆட்டக்காரர் எவரையும் விட்டுக்கொடுக்காமல் இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார். இளைய அணிக்கு ஒரு வசதி இது. வீரர்கள் இளையவர்களாக இருக்கும்வரை அவர்கள் சம்பளம் குறைவு. கையில் இடம் இருக்கும். பிறர் சுமையை வாங்கிக்கொண்டு கூடவே ஒரு நல்ல பொருளையும் கேட்டு வாங்கலாம்.

ஆனால் என்னைக் கவர்ந்தது மேனரின் விலையைவிட அவருடைய குணம். வெஸ்ட்புரூக் எத்தனை வேகமோ, மேனர் அத்தனை நிதானம். உயரத் தாவமாட்டார், ஆளைத் தள்ளிக்கொண்டு போகமாட்டார். பந்தைக் கொண்டுவருவார், பார்ப்பார், கொடுப்பார். அவ்வளவுதான். முதல்வரின் நகலாக இன்னொருவரை வைக்காமல், முதல்வரிடம் இல்லாததை வைத்திருப்பவரைப் பக்கத்தில் வைத்தார்கள்.

அது பயன்பட்ட நாள் 2011 மே மாதம் வந்தது. மேற்கு மண்டல இறுதிச் சுற்றில் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணியோடு இரண்டாவது ஆட்டம். மூன்றாம் கால்பகுதியின் முடிவில் வெஸ்ட்புரூக்கை உட்கார வைத்தார் பயிற்சியாளர் ஸ்காட் புரூக்ஸ். நான்காம் கால்பகுதி முழுவதும் அவரை இறக்கவே இல்லை! மேனர்தான் ஆடினார். அணியின் நட்சத்திரத்தை, அதுவும் எதிரியின் ஊரில், ஆட்டத்தின் உயிர்ப்பான பன்னிரண்டு நிமிடம் உட்கார வைப்பது சாதாரணத் துணிச்சலா? தண்டர் 106-100 என்று வென்றது. அந்தத் தொடரில் அவர்கள் வென்றது அந்த ஓர் ஆட்டம்தான். தொடர் 4-1 என்று டல்லாசுக்குப் போயிற்று. அடுத்த ஆட்டத்தில் வெஸ்ட்புரூக் மறுபடி முதல்வராகவே இறங்கினார். இரண்டாவது ஆள் ஒரு மாலை ஜெயித்துக் கொடுத்ததால் முதல் ஆளாகிவிடுவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு மறுநாள் பெஞ்சில் போய் உட்காருகிற மனமும் அந்த வேலையில் ஒரு பகுதி.

புரூக்சுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அவரே ஒரு காலத்தில் இரண்டாவது ஆள்! 1987 தேர்வில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்குள் குள்ளம். 5 அடி 11 அங்குலம். இருந்தும் பத்துப் பருவங்கள் என்.பி.ஏ.வில் நிலைத்தார். 1994இல் ஹூஸ்டன் அணி கோப்பையை வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார். பெஞ்சின் மரப்பலகை எவ்வளவு கடினம் என்பது உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

இனித்தான் கதையின் முக்கியக் கட்டம். 2012 ஜனவரியில், ஹூஸ்டன் அணியுடன் நடந்த ஆட்டத்தில் மேனருக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தப் பருவம் அவருக்கு முடிந்தது. தண்டர் அணி எல்லோரையும் வீழ்த்திக்கொண்டு முன்னேறிய நேரம். இரண்டாவது ஆள் யார்?

ஒருபுறம் ரெகி ஜாக்சன். 2011 தேர்வில் 24ஆவதாக வந்த இளைஞர், 21 வயது. நீண்ட கைகள், நல்ல வேகம். ஆனால் அந்த ஆண்டு உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த தகராறில் பருவமே டிசம்பர் 25ஆம் நாள்தான் தொடங்கிற்று. 66 ஆட்டங்களை நெருக்கி நெருக்கி வைத்தார்கள். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே பயிற்சிக்கு நாள் ஏது? கற்றுக்கொள்ள வேண்டிய இளைஞருக்குக் கற்கும் நேரமே இல்லை.

மறுபுறம் டெரெக் பிஷர். வயது 37. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியோடு ஐந்து கோப்பைகளை வென்றவர். 2004இல் சான் அன்டோனியோவுக்கு எதிராக 0.4 வினாடி மீதமிருக்கும்போது பந்தை வாங்கித் திரும்பி எறிந்து வென்றாரே, அவர்தான். லேக்கர்ஸ் அவரை 2012 மார்ச்சில் ஹூஸ்டனுக்கு மாற்றியது. ஹூஸ்டன் ஒப்பந்தத்தை முடித்து விடுவித்தது. சில நாட்களில் தண்டர் அவரைச் சேர்த்துக்கொண்டது. கால் வேகம் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கை நடுங்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

தண்டர் முதியவரைத் தேர்ந்தெடுத்தது. ஜாக்சன் பெரும்பாலும் பெஞ்சுக்குப் போனார்.

அது சரியா? முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வளர வேண்டிய பிள்ளையை உட்கார வைத்து, ஓய்வுபெற வேண்டியவரை இறக்குவதா என்று. பிறகு ஆட்டங்களைப் பார்க்கப் பார்க்க இன்னொன்று புரிந்தது. அந்த அணியில் ஜேம்ஸ் ஹார்டன் பெஞ்சிலிருந்து இறங்குகிறவர். அவ்வாண்டின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதே அவருக்குத்தான். வெஸ்ட்புரூக் இளைப்பாறும்போது பந்தைக் கொண்டுபோய் வழி உண்டாக்கும் வேலையை ஹார்டன் பார்த்துக்கொண்டார். ஆகவே பக்கத்தில் நிற்பவர் இன்னொரு வேகக்காரராக இருக்க வேண்டிய தேவையில்லை. பந்தைத் தொலைக்காமல், தன் இடத்தில் நின்று, வந்த பந்தை எறியத் தெரிந்தால் போதும். அதைப் பிஷர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். அந்த ஆண்டு தண்டர் நடப்புச் சாம்பியனான டல்லாசை 4-0 என்றும், பிஷரின் பழைய அணியான லேக்கர்சை 4-1 என்றும், சான் அன்டோனியோவை 4-2 என்றும் வென்றது. இறுதிப் போட்டியில் மியாமியிடம் 4-1 என்று தோற்றது.

இரண்டாவது ஆளைத் தனியே நிறுத்தி எடை போட முடியாது. கூட யார் நிற்கிறார் என்று பார்த்துத்தான் போட வேண்டும். நான் கற்ற முதல் பாடம் இது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2012 அக்டோபரில் ஹார்டனை ஹூஸ்டனுக்கு மாற்றிவிட்டார்கள். பெஞ்சிலிருந்து இறங்கி வழி உண்டாக்குகிறவர் போய்விட்டார். உடனே இரண்டாவது ஆளின் வேலையே மாறிவிட்டது! குணமாகித் திரும்பிய மேனரால் பழையபடி ஆட முடியவில்லை. அவர் இடத்தை ஜாக்சன் பிடித்தார். 2013 பிப்ரவரியில் மேனர் போர்ட்லண்டுக்குப் போனார். பிஷர் மீண்டும் வந்தார், இம்முறை துணைக்கு.

அதே 2013 ஏப்ரலில் நடக்கக்கூடாதது நடந்தது. ஐந்து பருவங்களில் ஒரே ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவர் வெஸ்ட்புரூக். தொடர்ந்து 394 லீக் ஆட்டங்கள். ஹூஸ்டனுடன் நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டது. அதன்பின் வந்த ஆட்டங்களில் அவரால் ஆட முடியவில்லை. 'அவருக்கு ஒன்றும் ஆகாது' என்றே எல்லோரும் எண்ணியிருந்த இடத்தில், முந்தைய ஆண்டு பெஞ்சில் இருந்த ஜாக்சன் போய் நின்றார். ஹூஸ்டனை 4-2 என்று வென்றார்கள், மெம்பிசிடம் தோற்றார்கள். அடுத்த பருவத்தில் வெஸ்ட்புரூக் 36 லீக் ஆட்டங்கள் ஆட முடியாமற் போனது. அந்த இடத்தை நிரப்பியவரும் ஜாக்சனே. 2014 ஏப்ரலில் மெம்பிசுக்கு எதிரான நான்காம் ஆட்டத்தில், டுராண்டுக்கும் வெஸ்ட்புரூக்குக்கும் பந்து விழாத நாளில், பெஞ்சிலிருந்து வந்து 32 புள்ளி எடுத்து அணியைக் காப்பாற்றினார். கூடுதல் நேரத்தில் 92-89. தொடர் கைநழுவாமல் நின்றது.

அப்படிப்பட்டவர் எத்தனை நாள் இரண்டாவது ஆளாக இருப்பார்? முதல் இடத்தில் ஆட விரும்பினார். 2015 பிப்ரவரியில் டெட்ராய்டுக்குப் போனார். நல்ல இரண்டாவது ஆளை வளர்த்தால் அவர் ஒருநாள் முதல் ஆளாக வேண்டும் என்று கேட்கத்தான் செய்வார். வளர்த்தவர்கள் அதற்காக வருத்தப்படலாம், குறை சொல்லக்கூடாது. தண்டர் பிறகு கலைந்து, மீண்டும் இளைஞர்களைச் சேர்த்து, 2025இல்தான் ஓக்லஹோமாவுக்கு வந்தபின் முதல் கோப்பையை வென்றது. அது இன்னொரு கதை.

இப்போது என் நோட்டுக்கு வருகிறேன்.

புதன்கிழமை இரவு விடுதி மேசையில் நோட்டைத் திறந்தேன். ஒன்பது பயிற்சி ஆட்டங்கள். நான் ஆடியது 71 நிமிடம், பறிகொடுத்தது 8 முறை, புள்ளிகள் 19. தம்பி ஆடியது 84 நிமிடம், பறிகொடுத்தது 27 முறை, புள்ளிகள் 58. எனக்கு 8, அவனுக்கு 27 என்று பார்த்ததும் மனம் துள்ளியது. உடனே கண் இன்னொன்றைப் பார்த்தது. அவனுடைய 27இல் கடைசி மூன்று ஆட்டங்களில் பறிகொடுத்தது 4 மட்டுமே. அவன் வளர்கிறான். என்னுடையது முதலிலும் முடிவிலும் ஒரே அளவு. நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்!

இயற்பியல் மாணவன் அல்லவா? அளவீட்டைப் பார்த்தால் மட்டும் போதாது, எந்த நிலையில் அளந்தோம் என்றும் பார்க்க வேண்டும். கடைசி மூன்று ஆட்டங்களும் நம்முடைய பி அணியோடு ஆடியவை. திடல் முழுவதும் நெருக்கித் தடுத்தவர்கள், முன்னாள் மாணவ அண்ணன்மார் அணியினர். அவர்களோடு ஆடிய இரண்டே ஆட்டங்களில் தம்பி பறிகொடுத்தது 15. நான் 3. போட்டிக்கு வரும் கல்லூரிகளோ எல்லாம் நெருக்கித் தடுக்கும் அணிகள். மேலும் நம் அணியில் புள்ளி எடுக்கும் அண்ணன்மார் இருவர் இருக்கிறார்கள். பந்து அவர்கள் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் போதும்.

கணக்கு என் பெயரைச் சொல்லியது. ஆனால் கை எழுதவில்லை.

ஏன்? என் பெயரை நானே எழுதுவதா? சான்றிதழுக்கு ஆசைப்பட்டான் என்பார்களே! தம்பியின் பெயரை எழுதிவிட்டால் 'பெருந்தன்மை' என்பார்கள். அந்தப் பாராட்டின் மீதும் எனக்கு ஆசை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எந்தப் பெயரை எழுதினாலும் அதற்குள் ஓர் ஆசை ஒளிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போனேன்.

என் தந்தை ஓட்டுநர். ஆக்டிங் டிரைவர். சொந்த வண்டியும் கிடையாது, நிரந்தர வேலையும் கிடையாது. யாருடைய ஓட்டுநராவது வராத நாளில், வேன் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டு அனுப்புவார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் இரண்டாவது ஆள். சிறுவயதில் இரண்டொரு முறை கூடப் போயிருக்கிறேன். ஏறியதும் இருக்கையை முன்னே இழுப்பார், கண்ணாடியைத் திருப்புவார், பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்ப்பார். இறங்கும்போது இருக்கையையும் கண்ணாடியையும் பழையபடி வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். "நாளைக்கு அந்த மனுசன் வந்து உக்காரும்போது அவரு வண்டியா இருக்கணும்ல?" என்பார்.

பெயர் சொல்லாமல் கேட்டேன். "அப்பா, ரெண்டு டிரைவர். ஒருத்தன் மெதுவா, தட்டாம கொள்ளாம ஓட்டுவான். இன்னொருத்தன் புதுசு, நல்ல கை, ஆனா அப்பப்ப உரசிருவான். யாருக்கு வண்டியக் குடுக்கலாம்?"

அவர் உடனே திருப்பிக் கேட்டார்: "வண்டி எந்த ரோட்டுல போகுது?"

நான் மலைத்துப் போனேன். நான்கு இரவு நான் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு அவர் ஒரே கேள்வியில் வந்துவிட்டார்.

"மலை ரோடுப்பா."

"அப்ப தட்டாதவன்கிட்டக் குடு. புதுப் பையனைப் பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போ, வளைவெல்லாம் பார்த்துக்கட்டும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுல ஒருத்தன் நீயா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"ஏய்யா, நீ பொறந்த வருசம் ஒரு முதலாளி ஸ்டாண்டுக்கு வந்து, கொடைக்கானலுக்கு யாருப்பா ஓட்டுவீங்கன்னு கேட்டாரு. எனக்கு அந்த ரோடு அத்துப்படி. நானாப் போயி எப்படிச் சொல்றதுன்னு பின்னால நின்னேன். இன்னொருத்தன் கையத் தூக்கினான். அவன் இன்னைக்கு வரைக்கும் அங்க நிரந்தர டிரைவரு. நான் ஆக்டிங். எல்லாரும் என்னைய அடக்கமான ஆளுன்னு சொல்றாங்க." சிரித்தார். "உன் பேரு சரியா இருந்தா உன் பேரை எழுது. தப்பா இருந்தா எழுதாத."

அம்மா அடுப்படியிலிருந்து, "சாப்பிட்டுட்டுப் பேசுங்களேன்" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை காலை முதல் பேருந்தில் வந்து, உடற்கல்வி இயக்குநர் ஐயாவிடம் தாளைக் கொடுத்தேன். மேலே என் பெயர். கீழே இரண்டு அட்டவணைகள். அதற்கும் கீழே, 'அடுத்த ஆண்டுக்குத் தம்பியை இப்போதிருந்தே தயார் செய்ய வேண்டும்' என்று ஒரு வரி. ஐயா கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "சரி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தம்பியிடம் நானே போய்ச் சொன்னேன். அவன் முகம் வாடியதைப் பார்த்தேன். "பரவாயில்லண்ணே" என்றான். அந்தச் சொல் எனக்குப் பழக்கமான சொல். எங்களைப் போன்றவர்கள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் சொல். அதனால்தான் அது என்னைத் தைத்தது.

போட்டியில் இரண்டு ஆட்டம் வென்றோம். அரையிறுதியில் 9 புள்ளியில் தோற்றோம். மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து நான் ஆடியது 14 நிமிடம். காலிறுதியில் அணித்தலைவர் அண்ணனுக்கு நான்காவது ஃபவுல் விழுந்தது. ஐந்தானால் வெளியே போக வேண்டும் என்பதால், மூன்றாம் கால்பகுதியில் ஐயா அவரை உட்கார வைத்து என்னை இறக்கினார். ஆறு நிமிடம். இறங்கும்போது நாம் 5 புள்ளி முன்னே இருந்தோம்; நான் வெளியே வரும்போது 4 புள்ளி முன்னே. ஒரு முறை பந்தைப் பறிகொடுத்தேன். புள்ளி ஒன்றும் எடுக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. திரும்ப இறங்க நின்ற அண்ணனிடம், "அவங்க 7ஆம் நம்பர் இடது பக்கம் மட்டும்தான் திரும்புறான்ணே" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இருக்கையையும் கண்ணாடியையும் பழையபடி வைத்துவிட்டுச் சாவி கொடுத்தது போல் இருந்தது.

சான்றிதழ் வந்தது. அப்பா அதை மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டு, ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைத்தார்.

ஜனவரியிலிருந்து தம்பியும் நானும் மாலையில் அரைமணி நேரம் முன்பே திடலுக்கு வருகிறோம். திடல் முழுவதும் அவனை நான் நெருக்கித் தடுப்பேன். அவன் தட்டிக்கொண்டு தாண்ட வேண்டும். முதல் வாரத்தில் பத்துக்கு நான்கு முறைதான் தாண்டினான். இப்போது பத்துக்கு எட்டு. வரும் ஜூனில் அணித்தலைவர் அண்ணன் இருக்கமாட்டார். முதல் ஆள் யார் என்ற கேள்வி வரும். அதற்கு விடை எனக்கு இப்போதே ஓரளவு தெரிகிறது. தெரிந்தும் அரைமணி முன்னதாகவே போகிறேன். சில நாள் மனம் கசக்கத்தான் செய்கிறது, நண்பர்களே. பொய் சொல்ல விரும்பவில்லை.

சென்ற வாரம் நோட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். "இனிமே நீ எழுது. என்னோடதையும் சேர்த்து எழுது" என்றேன்.

"உங்களுக்குக் குறைச்சு எழுதவா அண்ணே?" என்று சிரித்தான்.

"நடந்ததை எழுது" என்றேன்.